சென்னைக்கு வரும் பொரி வல்லூறு எங்கே முட்டையிடுகிறது?

லண்டன், நியூயார்க், மெல்போர்ன் போன்ற ஊர்களில் பொரி வல்லூறு உயரமான கட்டடங்களில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதை இன்று யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் நேரலையாகப் பார்க்கலாம். அதைப் பார்த்துப் பழகியவர்கள், மார்கழிக் காலையில் சென்னையில் ஏதோ ஒரு கோபுரத்தின் உச்சியில் அதே பறவையைக் கண்டால் கேட்கும் முதல் கேள்வி, கூடு எங்கே என்பதுதான். மாடப்புறாவுக்குப் பஞ்சமில்லாத ஊர். கட்டடங்களும் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்துகொண்டே போகின்றன. பறவையும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் என்ன தடை?

சென்னையில் நாம் பார்க்கும் வல்லூறுகளில் பெரும்பாலானவை இங்கே குடும்பம் நடத்த வருவதில்லை என்பதுதான் அடிப்படைக் காரணம். அக்டோபர் வாக்கில் வந்து ஏப்ரலுக்குள் கிளம்பிவிடும் வலசைப் பறவைகள் அவை. சொந்த ஊர், ஆர்க்டிக் பெருங்கடலை ஒட்டிய யுரேசியத் தூந்திரம் என்னும் மரமில்லாத குளிர்நிலப் பகுதி. நம் வடகிழக்குப் பருவமழைதான் அவற்றின் வருகைக் காலம்; வெயில் ஏறத் தொடங்கும்போது அவை வடக்கே திரும்பியாக வேண்டும்.

பறவை பார்ப்பவர்கள் பெரிகிரின் என்று அழைக்கும் இந்த வல்லூறு, அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் உண்டு. தமிழ்நாட்டில் அதன் இரண்டு துணை இனங்களைப் பார்க்கலாம். ஒன்று, மேலே சொன்ன வடபுலத்துப் பறவை. உருவில் பெரியது; முதுகு வெளிறிய சாம்பல், கன்னமும் மார்பும் வெண்மை. இன்னொன்று, இந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்டு முழுவதும் வாழும் ஷாஹீன் வல்லூறு. 38 முதல் 44 சென்டிமீட்டர் நீளம்தான். முதுகு கிட்டத்தட்டக் கறுப்பு, வயிறு செங்காவி. நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்துப் பாறைகளிலும், இலங்கையில் சிகிரியாக் குன்றிலும் இருப்பது இதுதான். நம் மண்ணில் முட்டையிடும் பெரிகிரின் இதுவே. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் கூடு பற்றிய குழப்பமே வருகிறது.

சென்னை வானத்தில் வல்லூறைத் தேடுபவர் முதலில் பருந்தை ஒதுக்கிவிட வேண்டும். கரும்பருந்துக்கு வால் நுனி பிளவுபட்டிருக்கும், இறக்கை நுனியில் இறகுகள் விரல் விரலாகப் பிரிந்து தெரியும், காற்றில் அது சோம்பலாகச் சாய்ந்து சாய்ந்து மிதக்கும். வல்லூறின் இறக்கை நுனி கூர்மையானது. நெஞ்சுப் பகுதி கனமானது, வால் குட்டை. இறக்கையை விறைப்பாக, சிறு சிறு வீச்சாக அடித்துக்கொண்டு நேர்க்கோட்டில் போகும். உட்கார்ந்திருக்கும்போது இன்னும் சுலபம்: தலைக்கவசம் மாட்டியது போல உச்சி முதல் கன்னம் வரை கருமை இறங்கியிருக்கும், அதிலிருந்து ஒரு மீசைக் கோடு கீழே வரும். மார்பில் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடி, முதுகு பழுப்பாக இருந்தால் அது அந்த ஆண்டுதான் பிறந்த இளம்பறவை. வயிற்றில் கோடுகள் குறுக்காக இருந்தால் வளர்ந்த பறவை. இந்த வேறுபாட்டைப் பழகிக்கொள்வது முக்கியம். ஒரே கோபுரத்தில் போன ஆண்டு இளம்பறவையும் இந்த ஆண்டு வளர்ந்த பறவையும் இருந்தால், அதே பறவை திரும்பி வந்திருக்கலாம் என்று யோசிக்க அதுதான் இடம் கொடுக்கிறது.

அப்படி யோசிப்பது வெறும் ஆசை அல்ல. 2021-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, யுரேசிய ஆர்க்டிக்கின் ஆறு பகுதிகளைச் சேர்ந்த 56 வல்லூறுகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு ஒரே பறவை கிட்டத்தட்ட ஒரே தடத்தில் போய், அதே குளிர்கால இடத்துக்கே வருவது தெரிந்தது. நெடுந்தூரம் போகும் கூட்டங்களில் ஏடிசிஒய்8 என்ற மரபணுவின் ஒரு குறிப்பிட்ட வடிவம் மிகுந்திருந்தது. நீண்டகால நினைவாற்றலோடு தொடர்புடைய மரபணு அது. ஆக, மவுண்ட் ரோட்டில் ஒரு கட்டட உச்சியில் உட்கார்ந்திருக்கும் பறவை வழி தவறி வந்ததல்ல. அதன் நினைவில் சென்னை ஓர் இடமாகப் பதிந்திருக்கக்கூடும்.

இங்கே அதற்கு வேலை சாப்பிடுவது மட்டும்தான். கடலோரம், பழவேற்காடு, பள்ளிக்கரணை எல்லாம் அந்த மாதங்களில் வடக்கிலிருந்து வந்த பறவைகளால் நிரம்பியிருக்கும். பள்ளிக்கரணையில் நின்று பார்க்கும்போது உள்ளான்களும் வாத்துகளும் திடீரென எழும்பினால், காரணம் சேற்றுப் பூனைப்பருந்தா வல்லூறா என்று அந்தக் கூட்டமே சொல்லிவிடும். பூனைப்பருந்து தாழப் பறந்து வரும்போது, அதன் வழியில் இருக்கும் பறவைகள் மட்டும் எழும்பி, அது கடந்ததும் உட்கார்ந்துவிடும். வல்லூறு வந்தால் ஒட்டுமொத்தமாக எழும்பும், நெருக்கமாகச் சேர்ந்துகொள்ளும், சீக்கிரத்தில் இறங்காது. அப்போது நாம் கூட்டத்தைப் பார்க்காமல் அதற்கு வெகு மேலே பார்க்க வேண்டும். உயரத்திலிருந்து இறக்கையை ஒடுக்கி விழும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் பறவை அது. கீழே பார்த்துக்கொண்டிருந்தால் நடந்ததே தெரியாது.

நகரத்துக்குள் அது விட்டுச் செல்லும் தடயத்தை மொட்டை மாடி பெருக்க வருபவர்கள்தான் முதலில் பார்க்கிறார்கள். பூனை வேலை என்று கூட்டித் தள்ளியும் விடுகிறார்கள். கொஞ்சம் குனிந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். இரண்டு இறக்கைகளும் முழுசாக, மார்பெலும்போடு ஒட்டியபடி கிடக்கும். நடுவில் இருந்த சதை சுத்தமாகக் காலி. மார்பெலும்பின் மெல்லிய விளிம்பில் அலகு கடித்த சிறு சிறு முக்கோண வெட்டுகள் இருக்கும். சுற்றிலும் காற்று வீசிய பக்கமாக இறகுகள் சிதறி, தண்ணீர்த் தொட்டியின் ஓரத்திலும் ஏசி யூனிட்டின் கம்பிகளிலும் சிக்கியிருக்கும். ஒவ்வொரு இறகையும் எடுத்துப் பார்த்தால் காம்பு உடையாமல் வேரோடு பிடுங்கப்பட்டிருக்கும். பூனை தின்றிருந்தால் இறகு காம்பருகே நறுக்கப்பட்டு, மென்று நசுங்கிப் போயிருக்கும். இப்படி ஒன்று கிடைத்தால், அந்த மாடிக்கு மேலே எங்கேயோ வல்லூறு உட்கார்ந்து உரிக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று அர்த்தம். காக்கைகளும் உதவும். உயரமான கம்பத்தைச் சுற்றி அவை விடாமல் கரைந்து பாய்ந்துகொண்டிருந்தால் நின்று பார்ப்பது வீண்போகாது.

சரி, கூட்டுக்கு வருவோம்.

பங்குனி, சித்திரையில் இங்கிருந்து கிளம்பும் பறவை, பனி உருகும் நேரத்துக்குத் தூந்திரத்தை அடைகிறது. அங்கே கட்டடமும் இல்லை, பல இடங்களில் சொல்லும்படியான மலையும் இல்லை. ஆற்றங்கரையின் மண்சரிவில், சில சமயம் வெறும் தரையிலேயே, நெஞ்சால் அழுத்திக் காலால் சீய்த்து ஒரு சிறு குழி செய்து முட்டையிடும். வல்லூறு குச்சி பொறுக்கிக் கூடு கட்டாது. உலகில் எங்கே இருந்தாலும் இந்தச் சீய்த்த குழிதான் அதன் கூடு. சைபீரியாவின் தைமிர் தீபகற்பத்தில் செம்மார்பு வாத்துகள் வேண்டுமென்றே இந்தக் குழிக்குப் பக்கத்தில் வந்து கூடு வைக்கின்றன. வாத்து முட்டையைத் தேடி வரும் ஆர்க்டிக் நரியை வல்லூறு தன் குஞ்சுகளுக்காக விரட்டும். அந்தக் காவல் வாத்துக்கும் கிடைக்கிறது. சென்னையில் புறாவையும் வாத்தையும் பதறவைக்கும் அதே பறவை, சூரியன் மறையாத ஊரில் வாத்துகளுக்கு நடுவே குஞ்சு வளர்க்கிறது. இந்த ஒரு செய்திக்காகவே அந்தப் பறவையை இன்னொரு தடவை நிமிர்ந்து பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

ஷாஹீனின் காலக்கணக்கு வேறு. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அதன் இனப்பெருக்கப் பருவம். மழை ஓய்ந்த மார்கழியில் இணை தன் பாறைக்கு மேல் சேர்ந்து வட்டமிடும். ஆண் செங்குத்தாக விழுந்து எழும்பிக் காட்டும். பிடித்த இரையை வானத்திலேயே பெண்ணுக்குக் கைமாற்றும். பாறை இடுக்கிலோ விளிம்பிலோ மூன்று நான்கு முட்டைகள். கோடை உச்சத்துக்கு வருவதற்குள் குஞ்சுகள் பறந்துவிட வேண்டும். இந்தியாவில் சில இடங்களில் ஷாஹீன் கட்டடங்களிலும் அலைபேசிக் கோபுரங்களிலும் முட்டையிட்டதைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே மனிதன் கட்டிய எதையும் அது தொடாது என்று சொல்ல முடியாது. அப்படியானால் நகரத்துக்கு ஏன் கூட்டமாக வரவில்லை என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

அதற்கு விடை, மற்ற ஊர்களில் அது எப்படி நகரவாசியானது என்பதில் இருக்கிறது.

அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வயல்களில் டிடிடி பூச்சிமருந்தைத் தாராளமாகத் தெளித்தார்கள். பூச்சியைத் தின்ற குருவி, குருவியைத் தின்ற வல்லூறு என்று நஞ்சு மேலே ஏற ஏறச் செறிவானது. அது சிதைந்து உண்டாகும் ஒரு வேதிப்பொருள், முட்டை ஓட்டில் சுண்ணாம்புச் சத்து சேர்வதைத் தடுத்தது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டைகள் நொறுங்கின. 1964-இல் கிழக்கு அமெரிக்காவின் பழைய கூட்டிடங்களைத் தேடிப் போனவர்களுக்கு ஓர் இணைகூடக் கிடைக்கவில்லை. 1967-இல் பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப், அருங்காட்சியகங்களில் இருந்த பழைய முட்டைகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டு ஓடு மெலிந்திருப்பதை உலகுக்குக் காட்டினார். 1972-இல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. இந்தியாவில் வேளாண்மைக்கு அதைப் பயன்படுத்துவது 1989-இல் தடை செய்யப்பட்டது; கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க மட்டும் அனுமதி இருந்தது.

தடை மட்டும் போதவில்லை, ஏனென்றால் திரும்பி வரப் பறவையே மிச்சமில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாம் கேட் என்பவர் 1970-இல் தொடங்கிய முயற்சியில், வளர்ப்பு இணைகளிலிருந்து குஞ்சுகளைப் பெருக்கி, பறக்கும் பருவத்துக்குச் சற்று முன் ஒரு பெட்டியில் உயரமான இடத்தில் வைத்து, மனித முகம் தெரியாமல் உணவு கொடுத்து, தானே பறந்து வேட்டையாடப் பழகும்வரை காத்தார்கள். அவருடைய அமைப்பு மட்டும் 4,000-க்கும் மேற்பட்ட வல்லூறுகளை விடுவித்தது. பாறைகளில் வைத்த குஞ்சுகளைப் பெரிய கொம்பு ஆந்தைகள் தூக்கிச் சென்றன. அதனால் பல பெட்டிகள் நகரக் கட்டடங்களின் உச்சிக்கு மாறின. விளைவு? எந்த மாதிரி இடத்தில் கண் திறந்து உலகைப் பார்த்ததோ அந்த மாதிரி இடத்தையே வல்லூறு பிற்பாடு தேடுகிறது. கட்டடத்தில் வளர்ந்த குஞ்சு கட்டடத்துக்கே திரும்பியது. 1983-இல் நியூயார்க்கின் இரண்டு பாலங்களில் வல்லூறுகள் கூடு வைத்தன. 1999-இல் அமெரிக்கா தன் அழிநிலைப் பட்டியலிலிருந்து பெரிகிரினை நீக்கியது.

பிரிட்டனின் கதையில் இப்படி விடுவிப்பு கிடையாது. அங்கே பாறைகளில் பறவை மீண்டு பெருகியது. நல்ல பாறைகள் எல்லாம் நிரம்பியதும், இடம் கிடைக்காத இளம்பறவைகள் தேவாலயக் கோபுரங்களுக்கும் புகைபோக்கிகளுக்கும் வந்தன. லண்டனில் பேட்டர்ஸீ மின்நிலையத்தைப் புதுப்பித்தபோது, வேலை நடக்கும் காலத்துக்காக வல்லூறுகளுக்கென்றே தனியாக ஓர் இரும்புக் கோபுரத்தை எழுப்பிக் கொடுத்தார்கள்.

நகரக் கூடு என்பது உயரமும் புறாவும் சேர்ந்தால் தானாக முளைக்கும் விஷயமல்ல என்பது இந்த இரண்டு கதைகளிலிருந்தும் தெரிகிறது. கட்டடத்தில் வளர்ந்த ஒரு தலைமுறை வேண்டும், அல்லது பாறைகளில் பறவை நிரம்பி வழிய வேண்டும். சென்னைக்கு இரண்டும் வாய்க்கவில்லை. குளிர்காலத்தில் வரும் பறவையின் நினைவெல்லாம் தூந்திரத்தில் இருக்கிறது. முட்டையிடக்கூடிய ஷாஹீனோ மலைக்கு மலை ஒன்றிரண்டு இணைகளாகப் பரவிக் கிடக்கிறது.

கூடு வைக்கும் பருவத்தை நெருக்கத்தில் பார்க்க விரும்பும் சென்னைக்காரருக்கு நான் சொல்வது மெல்போர்ன் கேமராவைத்தான். காலின்ஸ் தெருவில் 367-ஆம் எண் அலுவலகக் கட்டடத்தில் 1991 முதல் வல்லூறுகள் கூடு வைக்கின்றன. முட்டை உருளாமலிருக்கப் பரல் போட்ட பெட்டி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். தென் கோளத்தின் வசந்தம் என்பதால் ஆகஸ்ட் கடைசியில் முட்டை, நவராத்திரியை ஒட்டிக் குஞ்சு, கார்த்திகை பிறப்பதற்குள் பறப்பு. வடபுலத்து வல்லூறு சென்னைக்கு வந்து சேரும் அதே வாரங்களில், அங்கே இன்னோர் இணை குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். அக்டோபரில் நமக்குக் காலை ஆறரை மணி என்றால் அவர்களுக்கு நண்பகல். காலைக் காபி நேரத்தில் நல்ல வெளிச்சத்தில் பார்க்கலாம்.

எதைப் பார்ப்பது என்று தெரிந்திருந்தால் சலிக்காது. முட்டைகள் செம்பழுப்பு நிறம். சுமார் இரண்டு நாளுக்கு ஒன்றாக இடும். கடைசி முட்டைக்குச் சற்று முன்தான் முழுமூச்சாக அடைகாக்கத் தொடங்கும், அதனால் குஞ்சுகள் ஏறக்குறைய ஒன்றாக வெளிவரும். அடைகாப்பு சுமார் 33 நாள். பெரும்பகுதி பெண்ணின் பொறுப்பு. ஆண் பகலில் சில மணி நேரம் மாற்றிக்கொள்ளும். பெண்ணைவிட ஆண் கணிசமாகச் சிறியது என்பதால், நான்கு முட்டையையும் வயிற்றுக்கடியில் கொண்டுவர அது படும் பாட்டைப் பாருங்கள்: ஒன்றை உள்ளே தள்ளினால் மறுபக்கம் ஒன்று எட்டிப் பார்க்கும். எழுந்து, நகங்களை மடக்கிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக நகர்ந்து, திரும்ப உட்காரும். புறாவின் கழுத்தை ஒரே கடியில் முறிக்கும் அலகு, முதல் வாரத்தில் குஞ்சுக்குக் கொடுப்பது இழை இழையாகக் கிழித்த சதை. குஞ்சு வாயைத் தவறவிட்டால் தாய் அதைத் தானே தின்றுவிட்டு அடுத்த இழையை எடுக்கும். மூன்று வாரத்தில் வெண்தூவியைத் துளைத்துக்கொண்டு இறகு முளைக்கும். ஆறு வாரத்தில், எடை குறைந்த ஆண் குஞ்சுகள் முதலில் விளிம்பை விட்டுப் பறக்கும். அதற்குப் பிறகும் பல வாரம் பெற்றோர்தான் சோறு போடும். இரையை வானத்தில் நழுவவிட்டுப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கும்.

இந்தக் கேமராக்கள் ஆய்வாளர்களுக்கும் ஒன்றைக் காட்டின. கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக மணிக்கூண்டில் கூடு வைத்த இணையில், 2022 மார்ச் 31 அன்று ஆண் இறந்து கிடந்தது. பெண் அப்போது முட்டைகளோடு இருந்தது. எல்லாம் முடிந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நினைத்தார்கள். மறுநாளே புதிய ஆண் ஒன்று வந்து சேர்ந்து, தன்னுடையதல்லாத முட்டைகளை அடைகாத்தது. இணையில்லாத வல்லூறுகள் காலியிடத்துக்காக எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று புத்தகங்களில் இருந்த செய்தி, அன்று ஆயிரக்கணக்கானவர்களின் கண்முன் நடந்தது. ஒரு வட்டாரத்தில் வல்லூறு நலமாக இருக்கிறதா என்று அறிய, கூடுகளை எண்ணினால் மட்டும் போதாது. காத்திருக்கும் பறவைகள் இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

நாமும் ஒரு பெட்டி வைத்துப் பார்த்தால் என்ன என்று பழைய மகாபலிபுரம் சாலைக் கட்டடங்களைப் பார்த்துக் கேட்பவர்கள் உண்டு. ஆசை புரிகிறது. ஆனால் என் கருத்து, இப்போது வேண்டாம். பெட்டிக்குத் தண்ணீர் வடியும் பரல் தரை வேண்டும், மேலே கூரை வேண்டும், பிற்பகல் வெயில் படக் கூடாது. சென்னையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் மேற்குப் பார்த்த சிமென்ட் விளிம்பு குஞ்சைக் கொன்றுவிடும். ஜனவரியிலிருந்து மே வரை கண்ணாடி துடைக்கக் கயிற்றில் இறங்குபவர்களை நிறுத்தக் கட்டட நிர்வாகம் ஒப்புக்கொள்ள வேண்டும். பறக்கப் பழகும் குஞ்சுக்குக் கண்ணாடிச் சுவர் ஆபத்து, தடையை மீறி இன்னும் விடப்படும் மாஞ்சா நூல் அதைவிட ஆபத்து. நகரப் புறாக்களின் தொண்டை நோய் அவற்றைத் தின்னும் வல்லூறுக்கும் தொற்றும். இத்தனையும் சரிசெய்தாலும், வருவதற்கு ஷாஹீன் வேண்டுமே.

அதனால் கவலைப்பட வேண்டிய இடம் நகரத்துக்கு வெளியே இருக்கிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் போகிறவர்கள் கல்குவாரிகளைப் பார்த்திருப்பார்கள். குன்றுகள் பக்கவாட்டில் அறுக்கப்பட்டு, ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் லாரியில் ஏறி நகரத்துக்கு வருகின்றன. நாம் வல்லூறுக்கு ஏற்ற உயரம் என்று நினைக்கும் அடுக்குமாடிகள், வல்லூறு உட்காரத் தகுந்த பாறைகளை உடைத்த கல்லால் எழுந்தவை. பிரிட்டனில் பாறை நிரம்பித்தான் நகரத்துக்குப் பறவை வந்தது. பாறையைக் காலி செய்துவிட்டுக் கட்டடத்தில் பெட்டி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தமிழ்நாட்டின் செங்குத்துப் பாறைகளில் எவற்றில் ஷாஹீன் இணை இருக்கிறது என்று ஆண்டுதோறும் பார்த்து வைப்பது, குவாரி அனுமதி பரிசீலிக்கப்படும்போது அந்தத் தகவலை மேசையில் வைப்பது, இவைதான் முதல் வேலை. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் பறவையைப் பிடிப்பதையும் கூட்டைக் கலைப்பதையும் குற்றமாக்குகிறது. ஆனால் அங்கே கூடு இருக்கிறது என்று யாராவது முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால்தான் அந்தச் சட்டம் வேலை செய்யும்.

மலையில் கூட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பாறையில் ஏற வேண்டாம், டிரோன் கூடவே கூடாது. எதிர்ப்புறச் சரிவிலிருந்து, தொலைநோக்கியில் பார்க்கும் தூரமே நல்லது. பறவை கெக்-கெக்-கெக் என்று விடாமல் கத்திக்கொண்டு தலைக்கு மேல் சுற்றினால், நாம் ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று பொருள். உடனே பின்வாங்க வேண்டும். தாய் எழுந்துபோன முட்டை வெயிலில் கெடுவதற்கு அதிக நேரம் பிடிக்காது. இடத்தைப் படத்தோடு சேர்த்துப் பொதுவெளியில் போடாதீர்கள். வேட்டைக்குப் பழக்க வல்லூறுக் குஞ்சுகளைத் திருடி விற்கும் சந்தை உலகில் இன்னும் இருக்கிறது.

நகரத்திலேயே கூடு பார்க்க வேண்டும் என்றால், வைரி இருக்கிறது. மார்ச் முதல் ஜூன் வரை தூங்குமூஞ்சி மரத்திலும் மாமரத்திலும் காக்கைக் கூட்டைப் போலக் குச்சி அடுக்கி முட்டையிடும் சிறிய வேட்டைப் பறவை அது. கிண்டியையும் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தையும் ஒட்டிய தெருக்களில் அதன் இரட்டைக் குரலைக் கேட்கலாம். கரும்பருந்து இன்னும் சுலபம். பழைய பங்களாக்களின் பரணில் கூகை குடியிருப்பதும் உண்டு.

பொரி வல்லூறைப் பார்க்க ஏற்ற நாட்கள் பொங்கலை ஒட்டியவை. வடபுலத்துப் பறவை இங்கே நிலைகொண்டிருக்கும், ஷாஹீன் தன் பாறையில் இணை சேர்ந்திருக்கும், அந்த நான்கு நாட்களில்தான் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கிறது. 1978 முதல் இயங்கும் மெட்ராஸ் இயற்கையாளர் சங்கத்தின் காட்டுலாக்களில் புதியவர்களும் சேர்ந்துகொள்ளலாம். துறைமுகம், அனல் மின்நிலையம் பக்கம் கேமராவைத் தூக்கினால் பாதுகாவலர்கள் தடுப்பார்கள். கடற்கரையிலிருந்தோ சொந்த மொட்டை மாடியிலிருந்தோ பார்ப்பது உத்தமம். குறிப்பு எழுதும்போது வல்லூறு என்று மட்டும் எழுதினால் பிற்பாடு யாருக்கும் பயன்படாது. இளம்பறவையா வளர்ந்ததா, வயிறு வெண்மையா செங்காவியா, எந்தத் திசையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது, என்ன நேரம், காலில் ஆய்வாளர்கள் மாட்டிய அடையாள வளையம் தெரிந்ததா என்று எழுதுங்கள். வளையம் இருந்தால் எந்தக் கால், என்ன நிறம், படிக்க முடிந்த எண்கள் என்ன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கே பொரிந்த பறவை என்று அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.